பார்க்காத படத்துக்கு விளம்பரம்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம். மகள் நலம். மாடியில் குடியிருப்பவர்கள், அவர்களுடைய நாய், எல்லாரும் நலம். என் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று நீங்கள் உங்கள் தங்கையை ஃபோனில் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று பதறியதை நான் பக்கத்து அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதற வேண்டாம். குடும்பக் குழுவில் நீங்கள் பார்த்த வீடியோவில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவன் நான்தான். முழு நினைவோடுதான் பேசினேன். சங்கடமே அதுதான். ஜுரத்தில் பிதற்றினேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எதிர்முனையில் யாராவது 'ம்' கொட்டினால்கூட இப்போது எனக்குச் சிரிப்பதுபோலவே கேட்கிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

நான் மெத்தைக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பது உங்களுக்குத் தெரியும். விற்பனை மேலாளராக இருந்தபோது நானே எழுதிய விளம்பர வாசகமும் நினைவிருக்கும்: 'ஒருமுறை படுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள்.' அதைப் பெரிய பலகையில் எழுதி ஆஸ்பத்திரிக்கு எதிரே வைத்ததும், கம்பெனி மறுநாளே ஏணி போட்டு இறக்கியதும் வேறு விஷயம். வாசகம் என்னவோ நல்ல வாசகம்தான் என்று இன்றைக்கும் நான்... சரி, விடுங்கள். இப்படித்தான் எனக்குப் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. மகள் சினிமாப் படிப்பில் கடைசி வருஷம். கூடப் படிக்கிற இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்து முடித்திருந்தாள். படம் எடுத்தால் மட்டும் போதாதாம். அதை யாரிடம், எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று விளம்பரத்துக்கான ஆரம்ப யோசனைகளையும் தயார் செய்து ஆசிரியை முன்னால் வைக்க வேண்டுமாம். அதற்கும் மதிப்பெண் உண்டாம். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

மற்ற இருவரில் ஒருத்தி கேமராப் பெண். கேமராவைக் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருப்பாள். இன்னொருவன் ஒலிப்பதிவு செய்கிறவன். காதில் மாட்டுவதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவான். அவனை எல்லாரும் 'சத்தம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் அவன் வாயிலிருந்து சத்தமே வராது. போன வருஷம்தான் வெள்ளை அடித்த என் சுவரில் கலர் கலராகத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் 'யார் பார்ப்பார்கள்?' இன்னொன்றில் 'ஏன் பார்க்க வேண்டும்?' மூன்றாவதில் 'ஒரே வரியில் என்ன சொல்வோம்?' எதற்கும் கீழே பதில் இல்லை. மூன்று பேரும் நகத்தைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கத்தான் அந்தப் பக்கம் போனேன். சத்தியமாகத் தண்ணீர் குடிக்கத்தான். டம்ளரைக் கையில் எடுத்தவன், 'யார் பார்ப்பார்கள்?' என்பதைப் படித்துவிட்டு, "எல்லாரும் பார்ப்பாங்க! ஏன் பார்க்க மாட்டாங்க?" என்றேன். அந்த நிமிஷமே யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம். பொத்த வேண்டிய பெண், பாவம், "உட்காருங்கப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விற்பனைக் கூட்டத்தில் அப்படித்தான் நின்று எனக்குப் பழக்கம். வாடிக்கையாளன் என்றால் யார், அவன் மனசில் என்ன ஓடுகிறது, கடைக்காரனை எப்படி மடக்குவது, பக்கத்து ஊர்க் கம்பெனிக்காரன் நம் மெத்தையில் மூட்டைப்பூச்சி இருப்பதாகப் புரளி கிளப்பியபோது நான் எப்படிச் சமாளித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் மகள், "அப்பா, மொதல்ல படத்தைப் பார்த்துடறீங்களா? கால் மணி நேரம்தான்" என்று கேட்டாள். "எதுக்கும்மா? நான் என்ன ஒவ்வொரு மெத்தையிலயும் படுத்துப் பார்த்துட்டா வித்தேன்?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "அப்புறம் பார்க்கலாம், மொதல்ல அடிப்படையைப் புரிஞ்சுக்கோ" என்றேன். அதற்கப்புறமும் கேட்டாள் மச்சான். மடிக்கணினியை என் பக்கம் திருப்பியே வைத்துவிட்டாள். நான் அதன் மூடியைச் சாத்தி, மேலே டம்ளரை வைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"சரி, கதை என்ன? ஒரே வரியில சொல்லு. ஒரு வரியில சொல்ல முடியலைன்னா அந்தச் சரக்கு விக்காது" என்றேன். மகள் கொஞ்சம் தயங்கினாள். "ஒரு வீட்டுல ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்காருப்பா. யாரையும் பேச விட மாட்டாரு. அவரு மனைவி அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு..." அவள் முடிக்கவில்லை. "புரிஞ்சுடுச்சு!" என்று மேஜையைத் தட்டினேன். "காமெடி! குடும்பத்தோட பார்க்கலாம். மேல சொல்லு, பேரு என்ன?" 'சொல்லி முடிச்சாச்சா?' என்பதுதான் படத்தின் பெயர் என்றாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். "பேரு நிக்கலையே. யாரு வீட்டுல இப்படிப் பேசிக்கிறாங்க? இயற்கையாவே இல்லையே" என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை அடுக்களை வாசலில் வந்து நின்று, "சொல்லி முடிச்சாச்சா? டீ ஆறிக்கிட்டு இருக்கு" என்றாள்.

மூன்று பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தத்தின் கன்னம் இரண்டும் ஊதிக்கொண்டு வந்தன. கேமராப் பெண் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். மகள் மட்டும் தன் அம்மாவைப் பார்த்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உங்கள் தங்கை படத்தின் பெயரைச் சமயம் பார்த்து எடுத்துவிட்டாள், பிள்ளைகள் அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். "பார்த்தீங்களா, அம்மாவே விளம்பரத்தை ஆரம்பிச்சுட்டாங்க!" என்று முதலில் கை தட்டியவனும் நான்தான்.

அதற்குப் பிறகுதான் கேமராப் பெண் மெதுவாக, "அங்கிள், நீங்க பேசறதை எடுத்துக்கலாமா? யோசனைக்கு உதவும்" என்று கேட்டாள். "தாராளமா எடு, எங்க வேணாலும் போட்டுக்கோ, முழு சுதந்திரம்!" என்றேன். அதோடு விட்டேனா? "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போய்ச் சட்டையை மாற்றி, தலை சீவி, கொஞ்சம் பவுடரும் போட்டுக்கொண்டு வந்தேன். பிறகு நான் பேசியதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். இருந்தாலும் ஒருமுறை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். செய்ததை எழுதவும் வேண்டும் அல்லவா: "அந்த ஆளு மூஞ்சியைப் பெருசாப் போடுங்க. வாய் திறந்தே இருக்கணும். பார்த்த உடனே ஜனங்க, 'ஐயோ, நம்ம வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கே'ன்னு சொல்லணும். நான் என்ன சொல்ல வரேன்னா, இந்த மாதிரி ஆளுக்குத் தான் இப்படின்னே தெரியாது பாருங்க, அதான் காமெடியே! மத்தவங்க எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. குறுக்கே பேசாதே, முடிச்சுடறேன். இப்படி ஒருத்தனை நான் பார்த்திருக்கேனான்னு கேட்டா, ஆயிரம் பேரைப் பார்த்திருக்கேன்!"

இதில் 'குறுக்கே பேசாதே' என்று நான் அதட்டியது உங்கள் தங்கையை. அவள் வேறொன்றும் சொல்லவில்லை. சர்க்கரை போடட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தாள், அவ்வளவுதான். அதுவும் வீடியோவில் இருக்கிறது. ஓரத்தில் பாதி முகமும் ஒரு ஸ்பூனும் தெரியும்.

அந்த வாரமே அதைக் கத்தரித்து, கடைசியில் கறுப்புத் திரையில் 'சொல்லி முடிச்சாச்சா? விரைவில்' என்று போட்டு, தங்கள் முதல் யோசனையாகக் கல்லூரிக்குள் விட்டிருக்கிறார்கள். மகள் என்னிடம் காட்டினாள். கேட்காமல் செய்தாள் என்று அவளைக் குறை சொல்ல முடியாது. "பாருங்கப்பா, நல்லா பாருங்க. வேண்டாம்னா எடுத்துடறோம்" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் தலைமுடி சரியாக விழுந்திருக்கிறதா என்பதைத்தான் நன்றாகப் பார்த்தேன். "பிரமாதம்! இன்னும் கொஞ்சம் நீளமா வச்சிருக்கலாம்" என்றேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டாள். பிறகு அது கல்லூரியை விட்டு வெளியே வந்து ஊர் சுற்ற ஆரம்பித்தது. மருந்துக் கடைக்குப் போனால் கடைக்காரர் மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே, "என்ன சார், சொல்லி முடிச்சாச்சா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விளம்பரம் மருந்துக் கடை வரைக்கும் வந்துவிட்டதே! அங்கேயே நின்று கடை விற்பனையைக் கூட்ட அவருக்கு நாலு யோசனை சொன்னேன். எனக்குப் பின்னால் இருமலோடு நின்றவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பேருந்தில் பள்ளிக்கூடப் பெண்கள் என்னைப் பார்த்து, "அவரேதான்டி" என்று கிசுகிசுத்தார்கள். நான் அவர்களுக்குக் கை அசைத்தேன். குடும்பக் குழுவில் அதைப் போட்டது யார் என்று நீங்கள் உங்கள் தங்கையிடம் கோபமாகக் கேட்டீர்களாமே, போட்டதும் நான்தான் மச்சான். சித்தப்பா வீட்டுக் குழுவிலும் போட்டேன். பழைய கம்பெனிக் குழுவிலும் போட்டேன்.

கல்லூரியில் யோசனைகளை முன்வைக்கிற நாளும் வந்தது. "நீங்க வரணும்னு இல்லப்பா" என்று மகள் சொன்னாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, பழைய டையைக் கட்டிக்கொண்டு, நானாகவே வரைந்த சுவரொட்டி மாதிரிகளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சின்ன அரங்கு. முதலில் படத்தைப் போட்டார்கள். அப்படித்தான் மச்சான், நான் வீடு வீடாக விளம்பரப்படுத்திய படத்தை ஊரோடு சேர்ந்து முதன்முதலாகப் பார்த்தேன்.

படத்தில் ஒரு மனிதர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார். கையில் தண்ணீர் டம்ளர். அதை வாய் வரைக்கும் கொண்டுபோகிறார், ஒரு பேச்சு வந்துவிடுகிறது, கீழே இறக்குகிறார். மறுபடி கொண்டுபோகிறார், மறுபடி இறக்குகிறார். எதிரே மனைவி. அவள் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் அவர், "நான் என்ன சொல்ல வரேன்னா" என்று ஆரம்பிக்கிறார். அரங்கில் ஒரே சிரிப்பு. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். தொடையைத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பையனிடம், "இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்கப்பா, நிஜமாவே இருக்காங்க" என்று வேறு சொன்னேன். அவன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டான். திரையில் அந்த மனிதர், "குறுக்கே பேசாதே, முடிச்சுடறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். எங்கே கேட்டேன்? குடும்பக் குழுவில் கேட்டேன். என் குரலில் கேட்டேன்.

அதற்கப்புறம் படத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே போனது. அந்த அம்மாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறாள். அவர் அவளுடைய நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பதைப் படம் சொல்லவே இல்லை. விளக்கைப் போட்டார்கள். யாரும் உடனே கை தட்டவில்லை. நல்ல படத்துக்கு அப்படித்தான் இருக்குமாம். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது, என் காது இரண்டும் அடுப்பில் வைத்ததுபோலக் கொதித்துக்கொண்டிருந்தன. எழுந்து ஓடிவிடலாம் என்றால் முன்வரிசை. கதவு பின்னால். அதற்குள் விளம்பர யோசனை என்று என் வீடியோவைப் போட்டுவிட்டார்கள். சுவர் அளவுக்கு என் முகம். வாய் திறந்து. நான் சொல்லிக்கொடுத்தபடியே.

மறுபடி விளக்கு வந்ததும் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விளம்பரத்துல வர்ற நடிகர் யாரு? ரொம்ப இயல்பா செஞ்சிருக்கார்" என்று கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கேமராப் பெண் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் மச்சான், இத்தனை நாளாக அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை, அந்தச் சத்தம் எழுந்து நின்று, "நடிகர் இல்ல மேடம். நிஜம்" என்றான். அதோடு என்னை நோக்கிக் கையையும் காட்டினான். அரங்கே திரும்பியது. நான் எழுந்தேன். தலையாட்டிவிட்டு வெளியே போய்விடுவது என்றுதான் எழுந்தேன். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்தேன். ஆனால் இத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் என் வாய் சொன்னபடி கேட்பதில்லை. "நான் என்ன சொல்ல வரேன்னா" என்று அதுவாகவே வந்துவிட்டது.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். ஆசிரியை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிரிக்காதது ஒருத்திதான். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய காதும் சிவந்திருந்தது. எனக்காக அவள் வெட்கப்படுகிறாளே என்று நினைத்தபோதுதான் சுருக்கென்றது. மற்ற சிரிப்பையெல்லாம் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன்.

வரும்போது பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். சுருட்டிய சுவரொட்டிகள் எங்கள் இருவருக்கும் நடுவில். "கோபமாப்பா?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். "பார்க்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன்! நீங்க பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா படத்தையே மாத்தியிருப்பேன். நீங்க பார்க்கவே இல்லியே" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்த வீடியோவை எடுத்துடறோம். வேற யோசனை பண்ணிக்கறோம். மதிப்பெண் போனாப் போகுது" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்குப் போய் உங்கள் தங்கை எதிரில் நின்று, "நீ என்ன சொல்ல வந்தே?" என்று கேட்டேன். "எப்போ?" என்றாள். "இத்தனை நாளா." அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இந்த ஜன்னல் கொக்கி கழண்டு கிடக்கு. மழை பெஞ்சா தண்ணி உள்ள வருது. அதைச் சொல்ல வந்தேன்" என்றாள். அவ்வளவுதானா என்று எனக்கு மூச்சு வந்தது. சொல்ல வாய் வரைக்கும் நாலு விஷயம் வந்துவிட்டது: எந்தக் கொக்கி நல்லது, யார் மாட்டுவார்கள், கம்பெனிக் கட்டிடத்தில் ஜன்னல் விழுந்தது... உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டேன். அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். நான் பேசவில்லை. பிறகு, "அப்புறம், நான் நீச்சல் கத்துக்கறேன்" என்றாள்.

"கத்துக்கப் போறியா?"

"கத்துக்கறேன். தெனம் காலையில நீங்க பேப்பர் படிக்கிற நேரத்துல போயிட்டு வரேன். இப்போ குளத்தோட இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நிக்காமப் போவேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொன்னேனே. 'நீச்சல்'னு ஆரம்பிச்சேன். 'புரிஞ்சுடுச்சு'ன்னு சொல்லிட்டு, வெள்ளத்துல உங்க கிடங்கு மெத்தையெல்லாம் மிதந்த கதையைச் சொன்னீங்க. நானும் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கெளம்பிப் போயிட்டேன்."

தினமும் காலையில் ஈரத் தலையோடு வந்து எனக்குக் காப்பி கொடுத்திருக்கிறாள். குளித்துவிட்டு வருகிறாள் என்று நினைத்திருக்கிறேன். தண்ணீருக்குள் தலையை விடவே பயப்படுகிறவள் என்று நீங்களே கல்யாணத்தின்போது என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவள் ஒரு குளத்தைத் தாண்டியிருக்கிறாள். அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கூடவே போனேன். கரையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கி, மெதுவாக, அவசரமே இல்லாமல் நீந்திப் போனாள். திரும்பி வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையை இன்னும் கொஞ்சம் வீசிப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அதற்கு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது!

மகளிடம் வீடியோவை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் பார்த்தாயிற்று. இனி எடுத்தால் மதிப்பெண்தான் போகும், என் மானம் திரும்பி வராது. முழு சுதந்திரம் என்று கொடுத்துவிட்டு இப்போது பிடுங்குவதும் அழகில்லை. பிள்ளைகள் மறுபடி மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுவரொட்டிக்கு அவர்களாகவே ஒன்று வரைந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் முகம், பேசப் போகிற மாதிரி லேசாகத் திறந்த உதடு, சுற்றிலும் வெறும் வெள்ளை. ஒரு எழுத்துகூட இல்லை. மகள் என்னை வரச் சொல்லிக் காட்டினாள். "நல்லா இருக்கும்மா" என்றேன். மூன்று பேரும் காத்திருந்தார்கள். கேமராப் பெண் பொறுக்க முடியாமல், "அவ்வளவுதானா அங்கிள்?" என்றாள். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நான் வரைந்த மாதிரிகளைப் பரணில் போட்டுவிட்டேன்.

ஆகவே மச்சான், நீங்கள் அங்கே யாரிடமும் அந்த வீடியோவைக் காட்ட வேண்டாம். ஏற்கெனவே காட்டியிருந்தால் ஜுரம் என்றே இருக்கட்டும். உங்கள் தங்கையை நல்ல இடத்தில் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அவள் வாயைத் திறக்க விடாத இடத்தில் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு அவள் அண்ணனான உங்களிடம்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவ்வளவு பேசுகிற ஒரு மனிதன் உலகத்தில் இருக்க முடியுமா என்று நீங்கள் அங்கே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. அவர்களில் யார் பேச வந்தாலும் பேச விடுங்கள். எல்லாரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்களுக்குக் கட்டுப்பட்ட,
வாய் மூடிய மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு முகவரியைச் சரிபார்க்க உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். அவள் முகவரியைப் பார்க்கவில்லை. முழுவதையும் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மகளைக் கூப்பிட்டாள். அவளும் படித்துவிட்டுச் சிரித்தாள். படத்தில் வருவது நானே இல்லையாம். நீங்களாம். சின்ன வயதில் வீட்டில் உங்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க முடியாமல் தவித்ததை உங்கள் தங்கை கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். மகள் அதை எழுதிப் படமாக எடுத்துவிட்டாள். 'நான் என்ன சொல்ல வரேன்னா' உங்களுடையதாம். 'குறுக்கே பேசாதே' உங்களுடையதாம். உங்களோடு பேசிப் பேசி என் வாயிலும் ஒட்டிக்கொண்டதாம். என்னைத்தான் கிண்டல் செய்திருக்கிறாள் என்று நான் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான் மகள் முதலிலேயே படத்தைப் பார்க்கச் சொன்னாளாம். "அப்ப விளம்பரத்துல என்னை ஏன் போட்டீங்க?" என்று கேட்டேன். "மாமா கிடைக்கலை. நீங்க இருந்தீங்க" என்கிறாள். இவ்வளவு வெட்கப்பட்டதெல்லாம் வீணாகப் போயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன், உங்கள் தங்கை அதை என் கையிலிருந்து பிடுங்கி அவளே தபால்தலை ஒட்டிவிட்டாள். அடுத்த விளம்பரத்துக்குப் பிள்ளைகள் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை நீங்கள் வருவதாக அவர்களிடம் சொல்லியும் விட்டாள்.